குளத்து மண்ணும் பேரிங் சத்தமும்

எங்கள் லைனில் பேரிங் வண்டி இல்லாத பையனை யாரும் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கோயமுத்தூர் ஒண்டிப்புதூரில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் அவை. ஒரு பலகை, முன்னால் ஒரு பேரிங், பின்னால் இரண்டு. குறுக்குக் கட்டையின் முனைகளை அரிவாளால் சீவிச் சீவிப் பேரிங்கின் உள்வளையத்துக்குள் இறுக்கமாக அடித்து இறக்குவோம். முன்கட்டை ஒற்றை போல்ட்டில் திரும்பும். இரண்டு காலையும் அதன் மேல் வைத்து மிதித்துத் திருப்ப வேண்டும். தார் ரோட்டில் இரும்பு உருளும் அந்தச் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருந்த இடம் அது. கையில் கிடைத்த செருப்பு, சொம்பு எல்லாம் எங்களை நோக்கிப் பறந்து வரும்.

வண்டிக்குப் பேரிங் கிடைப்பதுதான் பெரிய பாடு. மில்லிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். மற்ற பையன்கள் பழைய இரும்புக் கடையில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் சிங்காநல்லூரில் ஒரு சுரங்கம் இருந்தது. அம்மாவின் தம்பியான என் மாமாவின் டூவீலர் பட்டறை.

ஓலைச் சாய்ப்பு, எண்ணெய் குடித்துக் கறுத்த மண்தரை, மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வசதி உண்டு. கை துடைக்கும் துணிக்குப் பஞ்சமே வராது. பகலெல்லாம் மொபெட்டும், பால்காரர்களின் ராஜ்தூத்தும் வந்துபோகும். மாமாவின் மனசு முழுக்க வேறு வண்டிகளில் இருந்தது. 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 அந்த நாளில் கல்லூரி அண்ணன்களைப் பைத்தியமாக்கி வைத்திருந்தது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், பதினொரு குதிரைச் சக்தி. கைப்பிடியைத் திருகினால் முன்சக்கரம் தானாக எழும்பும். அதை வாங்கி ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரையும் கழற்றி எறிந்துவிட்டு, மட்கார்டை உயர்த்தி, சைலன்சரை மாற்றி, பட்டன் டயர் மாட்டி, டர்ட் ரேஸுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வேலைகள் மாமாவின் பட்டறையில் இரவு எட்டு மணிக்கு மேல் நடக்கும்.

கோயமுத்தூருக்கு ரேஸ் புத்தி புதிதல்ல. சென்னையை அடுத்த சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு இங்கிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார்; அவர் பெயரில்தான் 2003இல் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் வந்தது. அதெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் சங்கதி. எங்கள் அண்ணன்களுக்குத் தடம் என்றால் கோடையில் வறண்டு கிடக்கும் குளம்தான். சூலூர்ப் பக்கத்துக் குளத்துப் படுகைகளில் கரைமேட்டைத் தாவு மேடாக வைத்துக்கொண்டு, நடுவில் தேங்கிய சேற்றைச் சுற்றிப் போகாமல் அதற்குள்ளேயே விட்டு அடிப்பார்கள். புழுதியில் வெள்ளைச் சட்டையோடு போனால் காவிச் சட்டையோடு திரும்பி வரலாம்.

இப்படி ஓட்டிய வண்டிகளில் முதலில் போவது எஞ்சின் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எஞ்சினும் போகும். ஆனால் அதைவிட அடிக்கடி போவது வீல் பேரிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ், ஒரு வாரம் சும்மா நிறுத்தல், அடுத்த ஞாயிறு எடுத்தால் முன்சக்கரம் ஆடும்.

மாமா சோதிக்கிற விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்துவார். டயரின் மேல்பக்கம் ஒரு கை, கீழ்ப்பக்கம் ஒரு கை, எதிரும் புதிருமாக ஆட்டுவார். ‘டொக், டொக்’ என்று கையில் இடித்தால் பேரிங். சக்கரத்தோடு ஃபோர்க்கும் சேர்ந்து ஆடினால் அது ஹேண்டில்பார் கோன் செட். பேரிங் மேல் பழி போடக் கூடாது. அடுத்து சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஃபோர்க்கின் அடிமுனையில் ஆள்காட்டி விரலை வைப்பார். நல்ல பேரிங்கில் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. போன பேரிங்கில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு ஏறி வரும். என் விரலையும் பிடித்து வைப்பார். “தெரியுதா கண்ணு?” முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிறது என்று தலையாட்டுவேன்.

அப்பாவுக்கு விரல் வேண்டாம், காது போதும். மில்லில் அவர் ஃபிட்டர். ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங் வீட்டின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். நூறு மெஷின் இரைகிற ஹாலில் எந்த பேரிங் இன்னும் ஒரு மாதத்தில் போகும் என்று அதை வைத்தே சொல்லிவிடுவார் என்று லைனில் அவருக்குப் பெயர். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது மாமா பட்டறையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மில்லும் மெக்கானிக் பட்டறையும் மோதிக்கொள்வது அந்த டீ நேரத்தில்தான்.

ஒருநாள் பீளமேட்டில் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணனின் வண்டி வந்திருந்தது. போன மாதம்தான் பேரிங் மாற்றியது, மறுபடியும் ஆட்டம். மாமா சலித்துக்கொண்டார். “அந்தரத்துல பறந்து தொப்புத் தொப்புன்னு உளுந்தா எந்த பேரிங்குங்க மச்சான் நிக்கும்?”

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “எங்க ஸ்பிண்டில் நிமிசத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல ஓடுது மாப்ளே. ராத்திரி பகல்னு நிக்கறதே இல்ல. வருசக்கணக்கா தாங்குது. உன்ற வீலு எத்தன சுத்து சுத்தும்?”

மாமாவுக்கு விடை தெரியவில்லை. அப்பா ஒரு நூலை எடுத்து டயரைச் சுற்றி அளந்தார். ஒரு மீட்டர் 84 சென்டிமீட்டர் வந்தது. சாக்பீஸை வாங்கித் தகர டப்பாவின் மேல் கணக்குப் போட்டார். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அதை 1.84 ஆல் வகுத்தால் 543. “ஐந்நூத்திச் சொச்சம் சுத்து. இதுக்கு ஒரு பேரிங் ஒரு மாசத்துல போகுதுன்னா, போறதுக்குக் காரணம் ஓட்டம் இல்ல.”

பேரிங்கைக் கழற்றியதும் அதை அப்பா தன் கையில் வாங்கிக்கொண்டார். அதன் ரப்பர் சீலை ஒரு குண்டூசியால் நெம்பி எடுத்தார். உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் பால் விட்ட டீ நிறத்தில் ஏதோ கொழகொழவென்று இருந்தது. மண்ணெண்ணெயில் அலசி, வெளிவளையத்தின் ஓட்டப்பாதையை விளக்கடியில் பிடித்தார். “குதிச்சதுல போயிருந்தா குண்டுக்குக் குண்டு இடைவெளி விட்டு வரிசையாக் குழி உளுந்திருக்கும். இங்க பாரு.” வரிசைக் குழி ஒன்றுமில்லை. அங்கங்கே துருப் புள்ளிகள், அதைச் சுற்றி உரிந்த செதில்கள். “தண்ணி. இது தண்ணியில செத்த பேரிங்.”

மாமா வண்டிக்கார அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ரேஸ் முடிந்த கையோடு வண்டியை ஒரு தோட்டத்துக்கு ஓட்டிப்போய், பம்ப்செட் குழாய்க்கு நேராக நிறுத்திக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். சேற்றோடு போனால் வீட்டில் திட்டு விழும். மூன்றங்குலக் குழாயில் கொட்டுகிற தண்ணீர் ஹப்பின் நடுவில் நேராக அடித்தால் ஆயில் சீலின் உதடு எவ்வளவு நேரம் தாங்கும்? அதுவும் ரேஸில் பிரேக் பிடித்துப் பிடித்து டிரம் கொதித்துக்கொண்டிருக்கும். சூடான ஹப்பில் பச்சைத் தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், சுருங்குகிற காற்று தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அப்பா இதைச் சொல்லி முடித்ததும் பட்டறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு அப்பா மேல் அன்றைக்கு வந்த மரியாதை, அவர் வாங்கித் தந்த எந்தப் பொருளாலும் வந்ததில்லை.

பிறகு பல வருடம் கழித்துத்தான் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற ஸ்வீடன்காரரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கோதென்பர்க் நகரத்துத் துணி மில் ஒன்றில் எஞ்சினியராக இருந்தவர். மில் நின்றது களிமண் பூமி. தரை அசைய அசைய நீள ஷாஃப்டுகளின் நேர் கெட்டு பேரிங்குகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஷாஃப்ட் சற்றுச் சாய்ந்தாலும் தானே இசைந்துகொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை அவர் வடிவமைத்தார், 1907இல் எஸ்.கே.எஃப். கம்பெனி பிறந்தது. உலகத்துக்கே பேரிங் விற்கிற கம்பெனி ஒரு மில் ஃபிட்டிங் தலைவலியிலிருந்துதான் வந்தது என்பதை அப்பாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. “மில்லுக்காரனுக்குத்தான அந்த வலி தெரியும்” என்றார்.

தண்ணியில செத்த பேரிங்கை அப்பா பிரித்துக் காட்டிய அன்றைக்கு, புதுப் பேரிங் வாங்கக் கடைக்கு ஓடியவன் நான். பேரிங்குக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். மாமா அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். 6202 என்றால், முதல் 6 ஒற்றை வரிசைக் குண்டு. அடுத்த 2 கனம் குறைந்த வகை. கடைசி 02 உள்துளை 15 மில்லிமீட்டர். 03 என்றால் 17. 04இலிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும், 04க்கு 20, 05க்கு 25. நடுவில் 2க்குப் பதில் 3 வந்தால் அதே துளைக்குத் தடித்த உடம்பு. பின்னால் இசட் இசட் என்று இருந்தால் தகர மூடி, டூ ஆர் எஸ் என்றால் இருபக்கமும் ரப்பர் சீல். சேற்று வண்டிக்குத் தகர மூடி ஆகவே ஆகாது. அது தூசியைத்தான் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. கோயமுத்தூரில் இந்த நம்பர்களுக்குப் பஞ்சமில்லை. மோட்டார் பம்ப்செட்டுக்கும் கிரைண்டர் மோட்டாருக்கும் இதே குடும்பத்துப் பேரிங்குகள்தான். கடைக்காரர் நம்பரைக் கேட்டதும் பெட்டியை எடுப்பார், எந்த வண்டிக்கு என்று கேட்கவே மாட்டார். டூப்ளிகேட் சரக்கும் அதே அலமாரியில் இருக்கும். மாமா ஒரு வித்தை சொல்லியிருந்தார்: அட்டைப்பெட்டியைப் பார்க்காதே, வளையத்தில் வெட்டியிருக்கும் எழுத்தை நகத்தால் தடவிப் பார்.

வாங்கிவந்த பேரிங்கை முதலில் மாமா வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஈரம் படாமல் பாலித்தீன் கவரில் இறுகச் சுற்றி, ஐஸ் டிரேக்குப் பக்கத்தில். அத்தை வாய்விட்டுத் திட்டுவார். “பெரிய ஆஸ்பத்திரிக்காரரு, இரும்புக்கு ஐஸ் வெக்கறாரு.” அந்தத் தெருவிலேயே ஃபிரிட்ஜ் இருந்த ஒரே வீடு அது. பக்கத்து வீட்டுக்காரி ஐஸ் கேட்டு வந்து கதவைத் திறந்தால் உள்ளே பேரிங் உட்கார்ந்திருக்கும்.

பழைய பேரிங்கை வெளியே எடுப்பது ஒரு தனி வேலை. மாமா ஆக்சில் ராடை உருவி, பிரேக் பிளேட்டை எடுத்து, சக்கரத்தை இரண்டு மரக்கட்டைகளின் மேல் படுக்க வைப்பார். ஆயில் சீலை டயர் லீவரால் நெம்பி எடுத்த பிறகு, எதிர்ப்பக்கத்துத் துளை வழியாக நீளமான பஞ்ச் கம்பியை விடுவார். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கும், டிஸ்டன்ஸ் பீஸ். கம்பியின் நுனியால் அதை ஒரு பக்கம் ஒதுக்கினால்தான் கீழ்ப் பேரிங்கின் உள்வளையம் ஒரு கீற்றளவு தெரியும். அந்தக் கீற்றில் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் தட்டினால் பேரிங் கோணிக்கொண்டு அலுமினிய வீட்டைச் சிராய்த்துவிடும். இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று, சுற்றிச் சுற்றித் தட்டுவார். பிடிவாதம் பிடித்தால் கொதிக்கிற தண்ணீரில் நனைத்த துணியை ஹப்பின் மேல் சுற்றுவார். சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரிவது என்னவோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். அது போதும், அதுவரை அசையாதது தட்டிய மறுகணம் கழன்று தரையில் விழும்.

வேறொரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்த வண்டி ஒன்றில் அந்த டிஸ்டன்ஸ் பீஸே இல்லாமல் மாட்டியிருந்தார்கள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் குழாய் இருந்தால்தான் ஆக்சில் நட்டை முறுக்கும் பலம் உள்வளையம், குழாய், உள்வளையம் என்று நேராகக் கடந்துபோகும். அது இல்லாவிட்டால் முறுக்கின பலம் முழுவதும் குண்டுகளின் விலாவில் இறங்கும். சக்கரம் இறுகும், நட்டைத் தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் நடுவே சரியான நிலை என்று ஒன்று கிடையாது. மெக்கானிக்கை மதிப்பிட அவர் கழற்றுகிற வேகத்தைப் பார்க்காதே, கழற்றியதை எங்கே வைக்கிறார் என்று பார் என்பார் மாமா. அவர் கழற்றியதெல்லாம் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய காலண்டர் அட்டையில் உட்கார்ந்திருக்கும்.

புதிதை உள்ளே இறக்குவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். ஹப் சூடு, பேரிங் ஜில். பேரிங் உட்காரும் வீட்டைத் துடைத்து, விரலால் ஒரு மெல்லிய கிரீஸ் பூச்சு. பேரிங்கை நேராக வைத்து, அதன் மேல் பழைய பேரிங்கின் வெளிவளையத்தை வைத்துத் தட்டுவார். அந்த வளையத்தின் வெளிச்சுற்றை முன்கூட்டியே கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்து வைத்திருப்பார், இல்லாவிட்டால் அதுவும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அடி வெளிவளையத்தில் மட்டும்தான் விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போகும், அப்பா தேடிய வரிசைக் குழிகளை நம் கையாலேயே போட்டது மாதிரி ஆகும். சுத்தியல் ‘டப் டப்’ என்று விழுந்துகொண்டே வரும். பேரிங் அடித்தட்டில் போய் உட்கார்ந்ததும் சத்தம் ‘ணங்’ என்று மாறும். அதற்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மாமாவும் காதை நம்பினார். பிறகு சக்கரத்தைத் திருப்பி, டிஸ்டன்ஸ் பீஸைப் போட்டு, மறுபக்கத்துப் பேரிங் குழாயைத் தொடுகிற வரைக்கும் இறக்குவார்.

கிரீஸ் விஷயத்தில் மட்டும் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. புதுப் பேரிங்கில் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் இருக்கும். மாமா ரப்பர் சீலை மெல்ல எடுத்து இன்னும் திணிப்பார். கிரீஸ் இருக்கிற இடத்தில் தண்ணீருக்கு இடமில்லை என்பது அவர் கட்சி. அப்பா பதறுவார்; மில்லில் கிரீஸை அதிகமாக அடைத்தால் சூடேறிப் பேரிங் வெந்துவிடும். “ஐந்நூத்திச் சொச்சம் சுத்துன்னு கணக்குப் போட்டுக் குடுத்ததே நீங்கதானுங்க மச்சான்” என்று மாமா ஒருநாள் திருப்பிக் கொடுத்தார். அப்பா சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார். இப்போது யோசித்தால் இதில் மாமா பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. மெதுவாகச் சுற்றி, சேற்றில் முங்குகிற சக்கரத்துக்கு மில் சட்டம் பொருந்தாது.

வேலை முடிந்ததும் பழைய பேரிங்குகள் எனக்கு. மண்ணெண்ணெயில் அலசி, டிரவுசர் பையில் போட்டுக்கொண்டு, கனத்தில் இறங்குகிற டிரவுசரை ஒரு கையால் பிடித்தபடி அப்பாவின் சைக்கிள் கேரியரில் வருவேன். எங்கள் லைனில் மூன்று விதமான பேரிங்குகளை ஒரே வண்டியில் மாட்டிப் பார்த்தவன் நான்தான். துருப் புள்ளி விழுந்தது எந்தப் பக்கம் என்று உட்கார்ந்து ஓட்டும்போது இடுப்பெலும்பில் தெரியும். மாமா என் விரலைப் பிடித்து வைத்தபோது தெரியாத அந்தக் குறுகுறுப்பு, அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது.

ஆர்.எக்ஸ். 100 கம்பெனியிலிருந்து வருவது 1996இல் நின்றுபோனது. இன்றைக்குச் சேற்றுக்கென்றே செய்த வண்டிகள் ஷோரூமில் கிடைக்கின்றன. சீலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்ப்செட் குழாய் இருந்த இடத்தில் வாட்டர் வாஷ் கடைகளின் பிரஷர் துப்பாக்கி வந்துவிட்டது, அதன் வேகத்துக்கு முன்னால் பழைய மூன்றங்குலக் குழாய் ஒன்றுமே இல்லை. மலைப்பாதையிலோ மண்பாதையிலோ வண்டி ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: டிரம்மோ டிஸ்க்கோ, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். ஹப்பின் நடுவில் துப்பாக்கியைக் காட்ட விடாதீர்கள். அந்த இடத்துக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிடி பனியன் வேஸ்டும் போதும். அப்படியே சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.